அக்காவுக்கு பிஆர்சிஏ 2, நான் அம்மா ஜாடை. எனக்கும் டெஸ்ட் வேண்டுமா?

நடுப்பிள்ளை:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 37 வயது, அக்காவுக்கு 43. ஐந்து மாதத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ பாதி முடிந்திருக்கிறது, தாங்கிக்கொண்டிருக்கிறாள். இந்த வயதிலேயே வந்திருக்கிறதே என்று டாக்டர் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார். போன வாரம் ரிசல்ட் வந்தது. பிஆர்சிஏ 2 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதாம். கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அதற்கு மேல் யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை.

அம்மா பக்கத்தில் யாருக்கும் புற்றுநோய் கிடையாது. அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, 52 வயதில் சினைப்பைப் புற்றுநோயில் போய்விட்டார். அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் மார்பில் கட்டி இருந்தது என்பார்கள், அந்தக் காலத்தில் யார் பயாப்ஸி எடுத்துப் பார்த்தார்கள். அத்தை இறந்த சமயத்தில் நான் ஒரு டாக்டரிடம் கேட்டேன், எங்களுக்கும் வர வாய்ப்பு உண்டா என்று. அப்பா வழி என்றால் கவலை வேண்டாம், அம்மா வழியில் இருந்தால்தான் பார்க்க வேண்டும் என்றார். அதை நம்பி இத்தனை வருடம் இருந்துவிட்டோம். அக்காவும் நம்பினாள். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

வீட்டில் எல்லோரும் சொல்வது என்னவென்றால், அக்கா அப்படியே அத்தையை உரித்துவைத்தவள், நீ அம்மா ஜாடை, உனக்கு இருக்காது. எனக்கும் அதை நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் பார்த்துச் சொல்லும் கிட் ஒன்று ஆன்லைனில் பார்த்தேன், அது போதுமா? என் மகளுக்கு 13 வயது, அவளுக்கும் இப்போதே பார்த்துவிட வேண்டுமா? தம்பிக்கு 34. ஆண்களுக்கு இதில் என்ன இருக்கிறது, என்னை இழுக்காதே என்று போனை வைத்துவிட்டான். அவனுக்கும் இரண்டு குழந்தைகள்.

உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரிந்துகொள்ளவே பயமாக இருக்கிறது. இருக்கிறது என்று வந்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு நாளும் அதை நினைத்துக்கொண்டேதானே இருக்க வேண்டும்? அக்கா வேறு, தன்னால்தான் எல்லோருக்கும் இந்தப் பயம் என்று அழுகிறாள். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆறாம்_வருடம்:

கடந்து வந்தேன் என்று சொல்ல முடியாது, நடந்துகொண்டிருக்கிறேன். எனக்கும் பிஆர்சிஏ 2 தான். 39 வயதில் தெரிந்தது, ஆறு வருடம் ஆகிறது, இதுவரை புற்றுநோய் வரவில்லை.

ஒவ்வொரு நாளும் நினைப்பேனா என்றால், முதல் நான்கைந்து மாதம் ஆமாம். குளிக்கும்போது, படுக்கும்போது, குழந்தைக்குத் தலை பின்னும்போதெல்லாம். அப்புறம் அது குறைந்தது. இப்போது வருடத்துக்கு இரண்டு முறை நினைக்கிறேன், ஸ்கேனுக்கு முந்தின வாரம் மட்டும். ஒரு முறை எம்.ஆர்.ஐ., ஆறு மாதம் கழித்து மேமோகிராம், மறுபடி எம்.ஆர்.ஐ., இப்படி மாற்றி மாற்றி. ஒரு தடவை எம்.ஆர்.ஐ.-யில் ஏதோ தெரிகிறது என்று பயாப்ஸி எடுத்தார்கள், ரிசல்ட் வர ஒன்பது நாள் ஆனது, அந்த ஒன்பது நாளும் நான் யாரிடமும் பேசவில்லை. சாதாரணக் கட்டிதான். அந்த மாதிரி ஒரு பயம் இந்த வழியில் வரும், அதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும்.

மார்பகங்களை எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்கள், ஆபத்து பத்தில் ஒன்பது பங்கு குறையும் என்றார்கள். நான் இன்னும் செய்யவில்லை. செய்தவர்களைத் தெரியும், நிம்மதியாக இருக்கிறார்கள். என் மனது ஸ்கேன் போதும் என்கிறது, நாளைக்கு மாறினாலும் மாறும். ஆனால் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் 42-ல் எடுத்துவிட்டேன், ஏனென்றால் மார்பகத்தைப் போல அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் நம்பகமான ஸ்கேன் கிடையாது. இந்த அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் மெனோபாஸ் எனக்கு ஒரே வாரத்தில் வந்தது. உடம்பு திகுதிகுவென்று எரியும், இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும், காரணமில்லாமல் அழுகை வரும். புற்றுநோய் வராதவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை பல நேரம் கொடுக்கலாம், எலும்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேளுங்கள்.

பயத்துக்கு ஒரே ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. டெஸ்ட் எடுத்ததால் எனக்கு எதுவும் புதிதாக வந்துவிடவில்லை. அது நான் பிறந்ததிலிருந்தே என்னோடு இருந்தது.

குடும்பமரம்:

மரபணு ஆலோசகராக வேலை செய்கிறேன். உங்கள் மருத்துவரின் இடத்தில் நான் பேச முடியாது, ஆனால் நீங்கள் கேட்டதில் பலவற்றுக்குத் தெளிவான பதில் உண்டு.

முதலில் அந்த அப்பா வழி விஷயம். அது தவறான பதில். உங்களுக்கு அதைச் சொன்னவர் மட்டுமில்லை, நிறைய பேர் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பிஆர்சிஏ 2 இருப்பது பதின்மூன்றாவது குரோமோசோமில். அது ஆண், பெண் எல்லோருக்கும் இரண்டு பிரதி உண்டு, ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. அப்பாவிடம் பழுதான பிரதி ஒன்று இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேர 50 சதவீத வாய்ப்பு. அக்காவுக்கு வந்துவிட்டதால் உங்களுக்கு வராது என்றோ கட்டாயம் வரும் என்றோ இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாணயத்தைப் புதிதாகச் சுண்டுவது போல. அப்பா வழியில் வரும்போது இது கண்ணுக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், நடுவில் இருக்கும் ஆணுக்குப் பெரும்பாலும் நோய் வருவதில்லை, அதனால் சங்கிலி அறுந்துவிட்டது போலத் தோன்றும்.

ஜாடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூக்கையும் நிறத்தையும் தீர்மானிக்கும் மரபணுக்கள் வேறு, இது வேறு. பிஆர்சிஏ 2-வின் வேலை, செல்லுக்குள் டி.என்.ஏ. இழை அறுந்தால் அதைப் பிழையில்லாமல் ஒட்டுவது. அம்மாவின் முகத்தோடு அப்பாவின் பழுதான பிரதியும் வந்திருக்கலாம், அத்தையின் முகத்தோடு அப்பாவின் நல்ல பிரதியும் வந்திருக்கலாம்.

ஆபத்து எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேடியிருப்பீர்கள், ஆளுக்கொரு எண் சொல்லியிருப்பார்கள். 2017-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, இந்த மாற்றங்கள் உள்ள சுமார் பத்தாயிரம் பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ 1 என்ற இன்னொரு மரபணுவில் மாற்றம் இருந்தால் 72 சதவீதம், பிஆர்சிஏ 2-ல் இருந்தால் 69 சதவீதம். சினைப்பைப் புற்றுநோய்க்கு 44-ம் 17-ம். பெரிய எண்கள்தான். ஆனால் 80 வயது வரைக்குமான கணக்கு அது, அடுத்த வருடத்துக்கானது இல்லை. குடும்பத்துக்குக் குடும்பம் கூடும், குறையும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அக்காவின் ரிப்போர்ட்டில் பிஆர்சிஏ 2 என்பதற்குப் பக்கத்தில், 'சி' என்ற எழுத்தில் ஆரம்பித்து எண்களும் எழுத்துகளுமாக ஒரு குறியீடு இருக்கும். அந்த மரபணுவில் புரதத்துக்கான பகுதி மட்டுமே பத்தாயிரம் எழுத்துக்கு மேல். அதில் எந்த இடத்தில், என்ன பிழை என்பதற்கான முகவரி அது. பிஆர்சிஏ 2 என்று வாயால் சொன்னால் போதாது, அந்த ஒரு வரிதான் உங்களுக்கு வேண்டியது. ரிப்போர்ட்டின் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், லேப் நேராக அந்த இடத்தைப் பார்க்கும். அங்கே பிழை இல்லையென்றால் அது முழுமையான 'இல்லை'. குடும்பத்தில் எத்தனை பேருக்கு வந்திருந்தாலும் உங்கள் ஆபத்து ஏறக்குறைய மற்ற பெண்களுக்கு உள்ள அளவுதான், உங்கள் மகளுக்கும் உங்களிடமிருந்து அது போகாது. அந்த வரிக்குப் பக்கத்தில் 'பேத்தோஜெனிக்' அல்லது 'லைக்லி பேத்தோஜெனிக்' என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், அதாவது நோயை உண்டாக்கும், அல்லது பெரும்பாலும் உண்டாக்கும். வேறு எதுவும் எழுதியிருந்தால் கதையே வேறு. பரிசோதனை ரத்தத்தில் செய்தார்களா, கட்டியில் செய்தார்களா என்பதும் முக்கியம், கட்டியில் மட்டும் தெரியும் மாற்றம் பரம்பரையானதாக இல்லாமலும் இருக்கலாம். ரத்தம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நல்லது.

ஆன்லைன் கிட் விஷயம். 2018-ல் அமெரிக்காவில் இப்படி நேரடியாக விற்க முதலில் அனுமதி பெற்ற பிஆர்சிஏ பரிசோதனை பார்த்தது மூன்றே மூன்று மாற்றங்களைத்தான், மூன்றும் அஷ்கெனாசி எனப்படும் ஐரோப்பிய யூத வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுபவை. இந்த இரண்டு மரபணுக்களிலும் அறியப்பட்ட மாற்றங்கள் ஆயிரத்துக்கும் மேல். அந்த மூன்றும் இல்லை என்று வந்த பேப்பரைப் பார்த்து நிம்மதியாகிவிட்ட ஒருவரிடம், அது உங்களுக்கான பதில் இல்லை என்று நான் சொல்ல வேண்டி வந்தது. தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள்.

மகளுக்கு இப்போது வேண்டாம். பிஆர்சிஏ 2-ஆல் சிறு வயதில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, ஸ்கேனே 25 வயதை ஒட்டித்தான் ஆரம்பிக்கும். 18 தாண்டி அவளே முடிவு செய்யட்டும், அது அவளுடைய உரிமை. எல்லா மரபணுவுக்கும் இப்படி இல்லை. பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் கட்டிகள் முளைக்கும் ஏபிசி மரபணு மாற்றம் இருந்தால் பத்து, பன்னிரண்டு வயதிலேயே பார்ப்பார்கள், ஏனென்றால் அப்போதே செய்ய வேண்டியது இருக்கிறது.

அப்பா உயிரோடு இருக்கிறாரா? எழுதவில்லை நீங்கள்.

மூன்று_வருடக்_கடிதம்:

மேலே ஒருவர் 'கதையே வேறு' என்று எழுதினார் இல்லையா, அந்த வேறு கதை என்னுடையது. அம்மா 46 வயதில் மார்பகப் புற்றுநோயில் இறந்தார், அப்போது யாரும் அவருக்கு மரபணு டெஸ்ட் எடுக்கவில்லை. வருடங்கள் கழித்து நான் எடுத்தேன், ஒரே தடவையில் நிறைய மரபணுக்களைப் பார்க்கும் டெஸ்ட். பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஆனால் ஏடிஎம் என்ற மரபணுவில் ஒரு வி.யு.எஸ். என்று வந்தது. அதாவது எழுத்து மாறியிருக்கிறது, அதனால் கெடுதல் உண்டா இல்லையா என்று யாருக்கும் இன்னும் தெரியாது.

தெரியாது என்ற வார்த்தையை அந்தச் சமயத்தில் நான் 'இருக்கிறது' என்றுதான் படித்தேன். நான் பார்த்த அறுவைச் சிகிச்சை நிபுணரும் அப்படியே படித்தார், அம்மாவுக்கு இந்த வயதில் வந்திருக்கிறது, எதற்கு ரிஸ்க், இரண்டையும் எடுத்துவிடலாம் என்றார். நான் தேதியும் குறித்துவிட்டேன். அலுவலகத்தில் லீவு சொல்லி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மாமியாரை வரச் சொல்லி, எல்லாம் ஆகிவிட்டது. கடைசி நேரத்தில் வேறொரு டாக்டர், மரபணு ஆலோசகரைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன். ஒரு வி.யு.எஸ்.-ஐ மட்டும் வைத்து யாரும் உறுப்பை எடுக்கக் கூடாது, இவற்றில் பெரும்பாலானவை பின்னால் கெடுதல் இல்லாதவை என்றுதான் மாற்றி எழுதப்படுகின்றன என்று விளக்கினார். ஆபரேஷனை ரத்து செய்தேன். மூன்று வருடம் கழித்து லேபிலிருந்து கடிதம் வந்தது, அந்த மாற்றம் பெரும்பாலும் தீங்கற்றது என்று வகை மாற்றியிருக்கிறோம் என்று. அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் பாருங்கள், இன்றைக்கும் எனக்கு முழு நிம்மதி கிடையாது. அம்மாவுக்கு ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கவே இல்லை. அவரிடம் ஒரு மாற்றம் இருந்து அது எனக்கு வரவில்லையா, அல்லது அவரிடமும் எதுவும் இல்லையா, அல்லது இன்னும் தெரியாத ஏதோ ஒன்றா. அதனால் குடும்ப வரலாற்றைக் கணக்கில் வைத்து ஸ்கேன் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். நோய் வந்தவரை முதலில் பார்க்க வேண்டும் என்று அதனால்தான் சொல்கிறார்கள். உங்கள் அக்கா அழுகிறாள் என்றீர்கள். அவளிடம் இதைச் சொல்லுங்கள், என் அம்மாவின் ஒரு குழாய் ரத்தம் கிடைத்திருந்தால் எனக்கு இத்தனை வருடக் குழப்பம் இருந்திருக்காது. அவள் தங்கைக்குப் பயத்தைக் கொடுக்கவில்லை, பதில் கிடைக்கும் ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கிறாள்.

பழைய_பிடிவாதம்:

உங்கள் தம்பி சொன்ன அதே வாக்கியத்தை நான் என் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன், ஏறக்குறைய அதே வார்த்தைகளில். மூன்று வருடம் அவள் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினேன். பயம்தான், வேறொன்றும் இல்லை, ஆனால் பயம் என்று எனக்கே அப்போது தெரியாது.

கடைசியில் என்னை அசைத்தது என் பெண். கல்லூரியில் சேர்ந்த வருடம், அத்தைக்கு இருந்தது எனக்கும் இருக்குமா அப்பா என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் நான் பார்க்க வேண்டும், எனக்கு இல்லையென்றால் அவளுக்குக் கேள்வியே இல்லை. எடுத்தேன், இருந்தது. பிஆர்சிஏ 2.

ஆண்களுக்கு ஒன்றும் இல்லை என்பது பொய். புராஸ்டேட் புற்றுநோய் எங்களுக்கு அதிகம் வரும், வந்தால் வீரியமாக வரும், அதனால் 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்கள். கணையப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடுதல். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், பொதுவாக மிக அபூர்வம், பிஆர்சிஏ 2 இருந்தால் அவ்வளவு அபூர்வம் இல்லை. காம்பைச் சுற்றிக் கட்டி தட்டுப்படுகிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன், முதலில் கூச்சமாக இருந்தது.

தம்பியை நெருக்காதீர்கள். நெருக்க நெருக்க நான் இன்னும் இறுகினேன்.

நடுப்பிள்ளை:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு மூன்று தடவை படித்தேன்.

அப்பா இருக்கிறார், 71 வயது, நன்றாக நடமாடுகிறார். சத்தியமாக இந்தக் கேள்வி வரும்வரை எங்கள் யாருக்கும் அவரைப் பற்றி நினைக்கவே தோன்றவில்லை. பெண்களின் நோய் என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவரும் பார்க்க வேண்டுமா? அவரிடமிருந்து வந்தது என்று தெரிந்தால் மனிதர் உடைந்துபோவாரே. அப்புறம் தம்பி, தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாமா?

குடும்பமரம்:

பார்ப்பது நல்லது, இரண்டு காரணம். ஒன்று அவருக்காக, மேலே சகோதரர் எழுதிய புராஸ்டேட் பரிசோதனை அவருக்கும் பொருந்தும். இரண்டாவது, அக்காவுக்கு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அத்தையை வைத்து ஊகிக்கிறோம், உறுதியாகத் தெரியாது. அப்பாவிடம் அதே மாற்றம் இருந்தால் உறுதியாகிவிடும். அப்போது அத்தையின் பிள்ளைகளுக்கும் விஷயம் போக வேண்டும், அப்பாவுக்கு வேறு உடன்பிறப்புகள் இருந்தால் அவர்களுக்கும். அப்பாவிடம் இல்லையென்றால் அம்மா பக்கம் திரும்ப வேண்டும், இதுவரை யாருக்கும் நோய் வரவில்லை என்பதால் மட்டும் அந்தப் பக்கத்தை விலக்கிவிட முடியாது. மனது உடைவதைப் பற்றி, நான் பார்த்த அப்பாக்கள் பலர் முதலில் தலை குனிந்தார்கள், அடுத்த கேள்வியாக, என் பிள்ளைகளுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். இதை யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. அவருக்கும் யாரோ கொடுத்ததுதான்.

தம்பிக்குத் தெரிந்துகொள்ளாமல் இருக்க உரிமை உண்டு. ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்ற தகவல் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அதோடு உங்கள் கடமை முடிந்தது. போனில் விவாதம் வேண்டாம். அக்காவின் அனுமதியோடு ரிப்போர்ட்டின் அந்தப் பக்கத்தை அனுப்பி, எப்போது வேண்டுமானாலும் இதைக் காட்டிப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஐந்து வருடம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், நடந்திருக்கிறது.

விட்டுப்போன ஒன்று. சில நாடுகளில் ஆயுள் காப்பீடு எடுக்கும்போது மரபணு ரிசல்ட்டைக் கேட்க முடியும், டெஸ்டுக்கு முன்பே உங்கள் நாட்டு விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அக்காவின் டாக்டரிடம் ஓலாபரிப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். பிஆர்சிஏ பழுதான புற்றுநோய் செல்களைக் குறிவைக்கும் மாத்திரை, 2014-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு முதலில் அனுமதி கிடைத்தது, இப்போது மார்பகப் புற்றுநோயிலும் சில நிலைகளில் கொடுக்கிறார்கள். அவருடைய நிலைக்குப் பொருந்துமா என்று அவர்தான் சொல்ல முடியும். அந்த ரிசல்ட் அக்காவுக்கே உதவலாம்.

நடுப்பிள்ளை:

ஒரு வாரம் ஆகிறது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அக்கா ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். நீங்கள் சொன்ன அந்த வரி இருக்கிறது, 'பேத்தோஜெனிக்' என்றும் இருக்கிறது. மூன்று_வருடக்_கடிதம் எழுதியதை அவளுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் அந்த அம்மாவின் மகளுக்கு என் அன்பைச் சொல்லு என்றாள். மாத்திரை பற்றி அடுத்த கீமோவுக்குப் போகும்போது கேட்கிறாள்.

அப்பாவிடம் நானே உட்கார்ந்து சொன்னேன். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவை, அதாவது எங்கள் அத்தையை, கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தது அவர்தான். பிறகு, எப்போது ரத்தம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். வியாழக்கிழமை நானும் அவரும் சேர்ந்து ஆலோசகரைப் பார்க்கப் போகிறோம். எனக்குப் பயம் போகவில்லை, ஆனால் தூக்கம் வருகிறது.

தம்பிக்கு அந்தப் பக்கத்தையும் இரண்டு வரியையும் நேற்று அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. படித்ததற்கான இரண்டு நீல டிக் மட்டும் வந்திருக்கிறது.